முதல் கூட்டத்துக்குப் போவது எப்படி: குடியை நிறுத்த விரும்பும் ஒருவருக்கு எழுதிய பதில்

கேள்வி இது: "மூன்று முறை நானாகவே குடியை நிறுத்தினேன். மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் மறுபடி தொடங்கிவிட்டேன். குடியிலிருந்து மீண்டவர்கள் தங்களுக்குள் நடத்தும் கூட்டங்களுக்குப் போகும்படி மருத்துவர் சொல்கிறார். அவற்றை எங்கே தேடுவது? போனால் எழுந்து நின்று பேச வேண்டுமா? தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால் என்ன செய்வது? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது."

இதை எழுதி அனுப்புவதற்கே நீங்கள் எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். இத்தகைய கூட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். வாசல் வரை வந்து திரும்பிப் போனவர்களையும், அடுத்த வாரம் அதே வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் இந்தக் கூட்டங்களைப் பற்றிப் படித்து அறிந்தவற்றிலிருந்தும் எழுதுகிறேன்.

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் உடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிக அளவில் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்தும்போது, கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடங்கக்கூடும். வலிப்பு வருவதாக இருந்தால் அது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாத அளவுக்குக் குழம்பி, இல்லாதவற்றைக் கண்டு, காய்ச்சலும் நடுக்கமுமாக அவதிப்படும் கடுமையான நிலை பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தோன்றும்; அது உயிருக்கே ஆபத்தானது. காலையில் கைநடுக்கத்தை அடக்குவதற்காகவே குடிக்கும் நிலையில் நீங்கள் இருந்தாலோ, முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தாலோ, முதல் சில நாட்களை மருத்துவரின் மேற்பார்வையில் கழிப்பதே சரி. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளையும், நெடுநாள் குடித்தவர்களின் உடலில் குறைந்துபோயிருக்கும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தையும் அவர் தருவார். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை அவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். கூட்டம் இந்த வேலையைச் செய்யாது, செய்யவும் முடியாது. மருத்துவர் உடலைக் கவனித்த பிறகு வருகிற வாரங்களும் மாதங்களும்தான் கூட்டத்தின் களம். உங்கள் மூன்று முயற்சிகளும் தடம் மாறியது அந்த வாரங்களில்தான் என்பதை உங்கள் கேள்வியே காட்டுகிறது.

இந்தக் கூட்டம் என்ன என்பதை அது தொடங்கிய கதை நன்றாக விளக்கும். 1935 மே மாதத்தில், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்பவர் ஒரு விடுதியின் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு அப்போது ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. வந்த தொழில் காரியம் தோற்றுப்போயிருந்தது. கையில் பணமும் அதிகம் இல்லை. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் மட்டுமே இந்த இரவைக் கடக்க முடியும் என்று உணர்ந்த அவர், அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். அந்த அழைப்புகளின் வழியாக மறுநாள் அவர் சந்தித்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர் பாப், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். குடிக்காதே என்று அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் அதற்கு முன் எத்தனையோ பேர் இருந்தார்கள். பில் அறிவுரை சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற அமைப்பு அங்கிருந்து பிறந்தது. இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் அதன் குழுக்கள் கூடுகின்றன.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிகிச்சைக்குப் போகிறோம், யாரோ நம்மைச் சரிசெய்வார்கள் என்ற எதிர்பார்ப்போடு முதல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். அங்கே மருத்துவர் இல்லை, ஆலோசகர் இல்லை, கட்டணம் இல்லை, உங்களைப் பற்றிய கோப்பும் இல்லை. அங்கே இருப்பவர்கள், நீங்கள் இன்று இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் இருந்தவர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு உதவி. தொந்தரவு கொடுக்கிறோமோ என்று எண்ணித் தயங்குவோர் பலர். பில் வில்சன் தொலைபேசியை எடுத்ததற்கான காரணத்தை நினைத்துப் பார்த்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்பது புரியும்.

ஏ.ஏ. மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். உங்களைப் போல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு அமைப்புகளும் உள்ளன. 1994 முதல் அந்தப் பெயரில் இயங்கிவரும் ஸ்மார்ட் ரிகவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையின் வழிமுறைகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் உரையாடலாம். குடிப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, நிறுத்தினால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து எழுதும் பயிற்சி அங்கே மிகவும் பழக்கமானது. "நான் ஒரு குடிநோயாளி" என்று தன்னை அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இல்லை. பெண்களுக்காக ஜீன் கர்க்பாட்ரிக் என்பவர் 1975-இல் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி, சமயச் சார்பற்ற லைஃப்ரிங், பௌத்தத் தியான மரபைப் பின்பற்றும் ரிகவரி தர்மா ஆகியவையும் உள்ளன. இவற்றில் பல நேரடியாக எல்லா ஊர்களிலும் கூடுவதில்லை. ஆனால் இணையவழிக் கூட்டங்கள் இருப்பதால் ஊர் ஒரு தடையில்லை.

எது நன்றாக வேலை செய்கிறது என்று அடுத்து கேட்கத் தோன்றும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்குகொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து ஈடுபடும்படி முறையாக வழிநடத்தும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு என்றும், அறிதிறன் நடத்தைச் சிகிச்சை போன்ற பிறவற்றைப் பெற்றவர்களில் அது 35 விழுக்காடு என்றும் அது கணித்தது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாசலில் ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களைப் பற்றிய கணக்கு இதுவன்று; ஈடுபாட்டோடு தொடர்ந்து போகும்படி ஒரு நிபுணர் கைப்பிடித்து வழிநடத்தியவர்களைப் பற்றியது. எந்த அமைப்பாக இருந்தாலும் தொடர்ந்து போவதும் அங்குள்ள மனிதர்களோடு ஒட்டிக்கொள்வதும்தான் பலன் தருகின்றன என்பது என் முடிவு. ஆகவே எந்த அமைப்பு சிறந்தது என்று ஒரு மாதம் படித்துக்கொண்டிருப்பதைவிட, இந்த வாரமே போகக்கூடியது எது என்று தேடுவது நல்லது.

இனி தேடும் முறை. ஏ.ஏ.வுக்கு நாடுதோறும் வலைத்தளமும், பெரும்பாலான நகரங்களுக்கு உதவி எண்ணும் உண்டு. மீட்டிங் கைடு என்ற அவர்களது இலவசக் கைபேசிச் செயலி, நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் அடுத்து எந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று காட்டும். ஆனால் எல்லா நாடுகளின் பட்டியலும் அதில் முழுமையாக இல்லை. ஆகையால் அதில் ஒன்றும் தென்படவில்லை என்றால் கூட்டமே இல்லை என்று முடிவு செய்துவிடாமல் உங்கள் நாட்டின் வலைத்தளத்தையும் பாருங்கள். ஸ்மார்ட் ரிகவரியின் வலைத்தளத்திலும் நேரடிக் கூட்டங்களையும் இணையவழிக் கூட்டங்களையும் தனித்தனியாகத் தேடலாம். கூட்டத்துக்குப் போகச் சொன்ன உங்கள் மருத்துவரையும் மனநல மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர்களையும் கேளுங்கள். எந்தக் குழு ஒழுங்காக நடக்கிறது, எது பெயரளவில் மட்டும் இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டியலில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். திறந்த கூட்டம் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். உறவினர்கள், மாணவர்கள், மருத்துவப் பணியாளர்கள்கூட இருக்கக்கூடும். மூடிய கூட்டம் என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். உங்களுக்குத் துணையாக வர ஒருவர் இருந்தால் திறந்த கூட்டத்துக்குப் போங்கள். வெளியாட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற கவலை அதிகம் இருந்தால் மூடிய கூட்டம் ஏற்றது. நிறுத்த முடியுமா என்று உங்களுக்கே ஐயமாக இருந்தாலும் மூடிய கூட்டத்துக்குப் போகலாம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும் என்பது, மரபுகள் என்று அழைக்கப்படும் ஏ.ஏ.வின் பொது நெறிகளில் மூன்றாவது. சில பட்டியல்களில் புதியவர்களுக்கானது, பெண்களுக்கானது, ஏ.ஏ.வின் மீட்சி வழிமுறையான 12 படிகளைப் படிப்பது, ஒருவர் மட்டும் பேசுவது என்றெல்லாம் குறிப்புகள் இருக்கும். முதல் முறைக்குப் புதியவர்களுக்கானதோ, ஒருவர் தன் கதையைச் சொல்லும் கூட்டமோ எளிது, ஏனென்றால் அங்கே உங்களுக்கு வேலை கேட்பது மட்டும்தான்.

பட்டியலை நம்பி நேரே கிளம்பிவிடாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும், சில நின்றேபோயிருக்கும். எவ்வளவோ மன உறுதியைத் திரட்டிக்கொண்டு வந்த ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதைவிட வருத்தமான ஒன்று இந்த வேலையில் எனக்கு இல்லை. முந்தைய நாளோ அன்று காலையிலோ உதவி எண்ணை அழைத்து, இன்று கூட்டம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்டிருக்கும். ஆறு பேரும் இருக்கலாம், அறுபது பேரும் இருக்கலாம். கூட்டத்தை நடத்துகிறவர் உறுப்பினர்களுள் ஒருவர்தான். அந்தப் பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு சிறிய முன்னுரையை வாசிப்பார்கள். பல இடங்களில் சிறிது நேரம் மௌனமாக இருப்பார்கள், அல்லது ஒரு பிரார்த்தனை சொல்வார்கள். பிறகு ஒருவர் தான் எப்படி இருந்தார், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுவார். அதன்பின் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் மறுமொழி சொல்வதோ, யோசனை சொல்வதோ, குறுக்குக் கேள்வி கேட்பதோ கிடையாது. புதியவர்களுக்கு இது முதலில் விநோதமாக, சில வேளை இரக்கமற்றதாகக்கூடத் தோன்றும். ஒருவர் கண்ணீரோடு பேசி முடித்ததும் எல்லாரும் "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகிறார்களே என்று நினைப்பார்கள். யாரும் தன்னைத் தீர்ப்பிட மாட்டார்கள், திருத்தவும் மாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் உண்மையைப் பேசுவார் என்பதே அந்த ஏற்பாட்டின் காரணம். அவரைக் கட்டியணைத்து ஆறுதல் சொல்வது கூட்டம் முடிந்த பிறகு நடக்கும்.

நீங்கள் பேச வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. புதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று தொடக்கத்தில் கேட்பார்கள். கை உயர்த்துவதும் உங்கள் விருப்பம். உங்கள் முறை வரும்போது, "என் பெயர் இன்னது, இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அல்லது தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம். "குடிநோயாளி" என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்ல மனம் வரவில்லை என்றால் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைச் சொல்லாமலே மாதக்கணக்கில் வந்து, குடிக்காமல் இருந்தவர்கள் உண்டு. உயரமான பெரியவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அவராக எடுத்துக்கொண்ட வேலை. மற்றவர்களுக்குக் குவளை நிறையக் கொடுக்கும் அவர், புதியவருக்கு மட்டும் பாதிதான் ஊற்றிக் கொடுப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். நடுங்கும் கையில் நிறைந்த குவளையைக் கொடுத்தால் தளும்பிச் சிந்தும், சிந்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவர் மறுபடி வர மாட்டார் என்றார். அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவருடைய கையும் ஒரு காலத்தில் அப்படி நடுங்கியது. நீங்கள் போகும் அறையிலும் இத்தகைய ஒருவர் பெரும்பாலும் இருப்பார்.

கூட்டத்தின் நடுவில் ஒரு கூடையோ பையோ சுற்றி வரும். ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. இடத்துக்கான வாடகையை உறுப்பினர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். புதியவர் ஒன்றும் போட வேண்டாம் என்றே பல குழுக்களில் சொல்வார்கள். இத்தனை நாள் குடிக்காமல் இருந்தேன் என்பதைக் குறிக்கும், நாணயம் போன்ற வில்லைகளைச் சில குழுக்களில் கொடுப்பார்கள். முதல் 24 மணி நேரத்துக்கும் ஒன்று உண்டு. வாங்கிக்கொள்வதும் வாங்காததும் உங்கள் விருப்பம்.

தெரிந்தவரைப் பார்த்துவிட்டால் என்ற அச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகுதியானோரை வாசலில் நிறுத்துவது இதுதான். யாரை அங்கே பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்வதில்லை என்பது இந்தக் கூட்டங்களின் அடிப்படையான ஒழுக்கம். ஏ.ஏ. அமைப்பின் பெயரிலேயே அது இருக்கிறது: அனானிமஸ் என்றால் பெயர் வெளியிடாதவர். முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். உங்கள் வேலை, முகவரி, குடும்பம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மிகவும் கவலையாக இருந்தால் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள குழுவைத் தேர்ந்தெடுங்கள். அல்லது இணையவழிக் கூட்டத்தில் தொடங்குங்கள்; ஒளிப்படக் கருவியை அணைத்துவிட்டு, நுழைவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரை மாற்றிக்கொண்டு உட்காரலாம். பெயரை மாற்ற மறந்து முழுப்பெயரோடு உள்ளே வந்து பதறியவர்கள் பலர் என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். ஆனால் உங்களிடம் நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ரகசியம் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு, மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதைப் போன்ற சட்டக் கடப்பாடு இவர்களுக்கு இல்லை. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, வேலையில் உள்ள விசாரணை போன்றவற்றின் விவரங்களை வட்டத்தில் பேசாமல், அதற்கு உரியவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கடவுள் நம்பிக்கை பற்றி. ஏ.ஏ.வின் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. இதை மறைத்து உங்களை அங்கே அனுப்ப நான் விரும்பவில்லை. அதே படிகளில் "நம்மைவிட மேலான ஓர் ஆற்றல்" என்றும், "நாம் புரிந்துகொண்ட வகையிலான" கடவுள் என்றும் இருப்பதால், நம்பிக்கை இல்லாத பலர் அந்தக் குழுவையே, அதாவது தனியாக முடியாததைச் சேர்ந்து செய்ய முடிகிற அந்தக் கூட்டத்தையே, தம்மைவிட மேலான ஆற்றலாக எடுத்துக்கொள்கிறார்கள். அது உங்களுக்குச் சொல் விளையாட்டாகப் பட்டால், ஏ.ஏ.வுக்குள்ளேயே சமயச் சார்பற்ற குழுக்கள் உண்டு. ஸ்மார்ட் ரிகவரியும் லைஃப்ரிங்கும் உண்டு. பிரார்த்தனை நேரத்தில் சும்மா நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் மாதத்தில் இந்த விவாதத்தில் இறங்காமல், எந்த அறையில் உட்கார்ந்தால் அன்றிரவு குடிக்காமல் தூங்க முடிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள் என்பது என் வேண்டுகோள். நம்பிக்கை பற்றிய கேள்வி எங்கும் ஓடிவிடாது.

ஒரு கூட்டத்தை வைத்து எல்லாக் கூட்டங்களையும் எடைபோடாதீர்கள். ஒரு குழு இறுக்கமாக இருக்கும், இன்னொன்று சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். ஒன்றில் எல்லாரும் உங்களைவிட முப்பது வயது மூத்தவர்களாக இருப்பார்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களுக்குப் போய்விட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறையாவது போய்விட்டு முடிவெடுங்கள். அதே வேளையில், பொறுத்துப் போகக் கூடாதவை எவை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால்தான் நீ உண்மையாகக் குடியை விட்டவன் என்று யாராவது சொன்னால், அதைக் கேட்காதீர்கள். உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் வெளியீடே தெளிவாகச் சொல்கிறது. குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும், மனச்சோர்வுக்கான மருந்துகளும் கூட்டத்துக்கு எதிரிகள் அல்ல. கடன் கேட்கிறவர், தொழில் பேசுகிறவர், புதிதாக வந்தவரின் பலவீனமான நிலையைப் பயன்படுத்தி நெருங்கப் பார்க்கிறவர் ஆகியோர் எந்தப் பொது இடத்தையும் போல இங்கும் இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரிடமிருந்து விலகி, குழுவில் நெடுநாள் இருப்பவரிடம் சொல்லுங்கள். சரியாகாவிட்டால் குழுவை மாற்றுங்கள். பெண்களாக இருந்தால் பெண்கள் மட்டும் கூடும் குழுவில் தொடங்குவதும், தொலைபேசி எண்ணைப் பெண்களிடம் மட்டும் பகிர்வதும் நல்லது.

என் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை நினைவில் வையுங்கள். கூட்டத்தின் பயனில் பெரும் பங்கு, கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய பதினைந்து நிமிடத்திலும், முடிந்த பிறகு வரும் பதினைந்து நிமிடத்திலும் இருக்கிறது. சரியான நேரத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியும் முன்பே நழுவிப் போகிறவர், ஒரு வருடம் வந்தாலும் தனியாகவே வந்து தனியாகவே போகிறார். முன்கூட்டியே வந்து, நாற்காலி போடுகிறவரிடம் நானும் போடட்டுமா என்று கேட்கிறவருக்கு முதல் நாளே இரண்டு பேரின் பெயர் தெரிந்துவிடுகிறது. முடிந்த பிறகு, யாருடைய பேச்சு உங்களைத் தொட்டதோ அவரிடம் போய், "நீங்கள் சொன்னது என் கதையைப் போலவே இருந்தது, உங்கள் எண்ணைத் தருவீர்களா" என்று கேளுங்கள். மறுநாள் அவரை அழையுங்கள். குடிக்கத் தோன்றும்போது அழைக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில், இதுவரை ஒருமுறைகூடப் பேசாத ஒருவரின் எண்ணை அழுத்துவது மிகவும் கடினம். "இன்று வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன், சும்மா அழைத்தேன்" என்று சொல்லும் இரண்டு நிமிட அழைப்பு, பின்னால் வரப்போகும் ஓர் இரவுக்கான ஒத்திகை.

சில வாரங்கள் போன பிறகு, ஒரு குழுவை உங்கள் சொந்தக் குழுவாக வைத்துக்கொண்டு, ஏ.ஏ.வாக இருந்தால் ஸ்பான்சர் என்று அழைக்கப்படும் வழிகாட்டி ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள். குடியை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆனவராகவும், நீங்கள் விரும்பும் அமைதி அவர் வாழ்க்கையில் தெரிகிறவராகவும் இருக்கட்டும். பேச்சாற்றலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதலில் தற்காலிகமாக இருக்கும்படி கேட்பது வழக்கம். பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். அது விதியன்று, யோசனை. வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு அது இயலாமல் போகலாம். இருந்தாலும் முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒன்று என்பது குறைவு என்றே நான் கருதுகிறேன். நேரடிக் கூட்டம் இல்லாத நாட்களில் இணையவழிக் கூட்டத்தைச் சேர்த்து, வாரத்துக்கு மூன்று நான்காக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்கத் தொடங்கும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

நடுவில் மறுபடி குடித்துவிட்டால் என்ன செய்வது? மூன்று முறை அப்படி நடந்தது உங்களுக்குப் பெரிய தோல்வியாகத் தோன்றுகிறது என்பது கேள்வியிலேயே தெரிகிறது. பில் வில்சனைச் சந்தித்துச் சில வாரங்களுக்குள் டாக்டர் பாப், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். போன வழியிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டார். திரும்பி வந்த அவரைப் பில் தேற்றினார். 1935 ஜூன் 10 அன்று குடித்ததுதான் அவருடைய கடைசி மது என்று கொண்டு, அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. 1950-இல் இறக்கும் வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. சறுக்கிவிட்டால், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், அடுத்து வரும் கூட்டத்துக்கே திரும்பிப் போங்கள். ஒரு வாரம் சுத்தமாக இருந்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். குடித்த நிலையில் வந்தவரையும் பெரும்பாலான குழுக்கள் உட்கார விடும். பேசாமல் கேட்கும்படி மட்டும் சொல்வார்கள். உங்கள் எண்ணிக்கை திரும்பவும் முதல் நாளிலிருந்து தொடங்கும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் கற்றதும், சேமித்த எண்களும் உங்களோடுதான் இருக்கும். முன்பு நிறுத்தியபோது கடுமையான அறிகுறிகள் வந்தவராக இருந்தால், மறுபடி நிறுத்தும்போதும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் தனியாக இடம் உண்டு. பில்லின் மனைவி லோயிஸ் வில்சன் 1951-இல் தொடங்கிவைத்த அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கானது. அதன் பகுதியாக 1957-இல் தோன்றிய அலட்டீன் இளையோருக்கானது. நீங்கள் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அவர்கள் அங்கே போகலாம். உங்களைக் கண்காணிக்கும் வேலையிலிருந்து அவர்களுக்குக் கொஞ்சம் விடுதலை கிடைப்பது, வீட்டின் காற்றையே மாற்றுகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்றிரவே செய்யக்கூடியது இதுதான். இந்த வாரத்தில் நீங்கள் போகக்கூடிய மூன்று கூட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றாவது அடுத்த 48 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். பிறகு உதவி எண்ணை அழையுங்கள். என்ன பேசுவது என்று தயக்கமாக இருந்தால் இதை அப்படியே பார்த்துப் படியுங்கள்: "நான் புதியவன். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. இன்ன நாள், இன்ன இடத்தில் உள்ள கூட்டத்துக்கு வர நினைக்கிறேன். கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவேன். வாசலில் என்னைச் சந்திக்க யாராவது நிற்க முடியுமா?" பெரும்பாலும் முடியும் என்றே சொல்வார்கள். என்ன நிறச் சட்டை போட்டு வருவீர்கள் என்று கேட்பார்கள். அதையும் முன்பே யோசித்து வையுங்கள்.